பிறேக் லைற், பற்றரி லைற், பில்லுக்கு மேல பில்: இந்தக் காருக்கு இன்னும் காசு போடலாமோ?

வெள்ளவத்தை_அம்மா

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ, ஆரிட்டயாவது சொல்லாட்டி எனக்கு மண்டை வெடிச்சிடும் போல இருக்கு.

எங்களிட்ட இருக்கிறது சின்ன ஜப்பான் ஹைபிரிட் கார், 2013 மொடல், 1500 சிசி, 2015ல ரீகண்டிஷனா இறக்கினது. பேர் போடேல்ல, போட்டா அந்தக் கொம்பனி நல்லதோ இந்தக் கொம்பனி நல்லதோ எண்டு இங்க சண்டை தொடங்கிடும். இவர் டோஹாவில வேலை. இங்க நானும் அம்மாவும் ரெண்டு பிள்ளையளும். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, பஸ்ஸில ஏறமாட்டா. கிளினிக், ஸ்கூல், ரியூஷன், கோயில், எல்லாம் இந்தக் காரிலதான் ஓடுது.

போன வருசம் பிறேக் லைற்றும் ஏபிஎஸ் லைற்றும் சேர்ந்து பத்திச்சுது. கராச்சில கொண்டுபோய் விட்டன், பிறேக் பாட்ஸ் தேஞ்சு போச்சு எண்டார் கராச் பாஸ், சரி மாத்துங்கோ எண்டன். கொஞ்ச நாளில திரும்ப பத்திச்சுது. சில்லு சென்சர் எண்டினம், அதையும் மாத்தியாச்சு. அதுக்குப் பிறகுதான் பிறேக் பூஸ்டர் எண்டு ஒரு கதை வந்திது, ரீகண்டிஷன் பூஸ்டர் 140,000, பூட்டுக்கூலி வேற. மூண்டு தரமும் "இதோட சரி மிஸ்" எண்டுதான் சொன்னவை. பூஸ்டர்தான் பிரச்சினை எண்டால் பாட்ஸும் சென்சரும் ஏன் மாத்தினது எண்டு கேட்டன், அதுக்கு மட்டும் ஒருத்தரும் வாய் திறக்கேல்ல.

பிறகு கண்டி போகேக்க கடுகண்ணாவ ஏத்தத்தில சிவப்பு முக்கோணம் பத்தி கார் இழுக்காம நிண்டிட்டுது. ஸ்கிறீனில என்னவோ ஜப்பான் பாஷையில வருது, எங்க போய் வாசிக்கிறது, மூத்தவன் ஃபோன் கமெராவை அதுக்கு மேல பிடிச்சு மொழிபெயர்த்துத்தான் ஹைபிரிட் சிஸ்டம் பிழை எண்டு கண்டுபிடிச்சான். பின்னால லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான், அம்மா பின் சீற்றில இருந்து முருகா முருகா எண்டுறா. பிறகு கொழும்பில வேற ஒரு இடத்தில ரெண்டு செல் பழுது எண்டு சொல்லி மாத்தித் தந்தினம், 70,000. இப்ப திரும்பவும் அதே முக்கோணம், பிறேக் லைற்றும் கூட. முழு பற்றரியும் மாத்தவேணுமாம், 380,000 கேக்கினம். பிறேக்குக்கு இன்னும் விலையே சொல்லேல்ல.

காசு போறது ஒரு பக்கம். கழட்டின சாமானைக் காட்டுங்கோ எண்டு கேட்டா எறிஞ்சிட்டம் எண்டினம். என்ன பிழை எண்டு கேட்டா என்னோட கதைக்காம "சேரின்ர நம்பரைத் தாங்கோ மிஸ், நாங்க விளங்கப்படுத்துறம்" எண்டினம். காரை ஓட்டுறது நான், காசு எண்ணிக் குடுக்கிறது நான், டோஹாவில இருக்கிற மனுசனுக்கு ஏன் விளங்கப்படுத்த வேணும்? வயித்தெரிச்சலா இருக்கு.

இப்ப நான் கேக்கிறது இதுதான். இன்னும் நாலு லட்சம் போட்டு இதையே வச்சிருக்கிறதோ, இல்ல வந்த விலைக்கு தள்ளிவிடுறதோ? லைற் பத்திற காரெண்டா அடிமாட்டு விலைக்குத்தான் கேக்கினம். 2025 பெப்ரவரியில இருந்து திரும்ப வாகனம் இறக்கவிட்டவை எண்டாலும் வரியோட சேத்துப் பாத்தா புதுசு எங்களுக்கு எட்டாது. அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ.

நுகேகொட_ரேசர்

ஹைபிரிட் எடுக்கவே கூடாது, பெற்றோல் வண்டிதான் பெஸ்ட். வித்துட்டு ஒரு பழைய பெற்றோல் கார் எடுங்க.

கறண்ட்காரன்_ரத்மலானை

தங்கச்சி, மேல தம்பி சொன்னதை விடுங்கோ, பழைய பெற்றோல் கார் எடுத்தா அதுக்கு வேற வருத்தம் இருக்கும். நான் வாகன எலெக்ட்ரிக் வேலைதான் செய்யிறன், கனகாலமா ஹைபிரிட்தான் பாக்கிறன், அதால விபரமா எழுதுறன், ஆறுதலா வாசியுங்கோ.

முதல்ல பிறேக். பற்றரியை விட இதுதான் அவசரம். பற்றரி போனா கார் நிக்கும், பிறேக் போனா நிக்காது. உங்கட கார் நான் நினைக்கிற ஆள் எண்டால், அதில வழமையான வக்கியூம் பூஸ்டர் கிடையாது, ஒரு மோட்டர் பம்ப் பிறேக் ஒயிலை அமுக்கி அக்குமுலேற்றர் எண்ட ஒரு சின்ன உருளைக்குள்ள பிரஷர் சேத்து வைக்கும், நீங்க பெடல் மிதிக்கேக்க அந்த பிரஷர்தான் வேலை செய்யிறது. உள்ளுக்குள்ள லீக் வந்தா பிரஷர் நிக்காது, பம்ப் திரும்பத் திரும்ப ஓடும். அதை வீட்டிலயே கண்டுபிடிக்கலாம். கார் நிப்பாட்டி இருக்கேக்க டிரைவர் கதவைத் திறவுங்கோ, முன்னால இருந்து நர்ர்ர் எண்டு ஒரு சத்தம் கேக்கும், அது நோர்மல், பம்ப் தயாராகுது. பிறகு காரை ஸ்டார்ட் பண்ணிப்போட்டு பிறேக்கை மிதிக்காம சும்மா இருங்கோ, பாட்டு, ஏசி எல்லாம் நிப்பாட்டிப்போட்டு. அந்த நர்ர்ர் கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா தானா வந்து வந்து போனா உள் லீக் இருக்கெண்டு சந்தேகப்படவேணும். பெடல் கல்லு மாதிரி இறுகி, கூட பஸ்ஸர் சத்தமும் வந்தா அதுக்குப் பிறகு ஓடவே கூடாது.

அடுத்தது, உங்களுக்கு ரீகண்டிஷன் பூஸ்டர் போட்டவை எல்லோ, போட்டாப் பிறகு ஸ்கானரால (காரின்ர கொம்பியூட்டரை வாசிக்கிற மெசின்) பிறேக் ஒயிலில இருக்கிற எயாரை எடுத்து, வால்வுக்கு லேர்னிங், அதாவது புதுச் சாமானை கொம்பியூட்டருக்குப் பழக்கிற வேலை, குடுத்தவையோ? இந்த வேலையை கன இடத்தில விட்டிடுறாங்கள். சாமான் நல்லதா இருந்தாலும் லேர்னிங் குடுக்காட்டி லைற் பத்தும். ஸ்கானரில பிழைக் கோட் நம்பர் சி1345 எண்டு வந்தா லேர்னிங் முடியேல்ல எண்டு அர்த்தம், சாமானில பிழை எண்டு அடிச்சுச் சொல்லேலாது. சி1391, சி1252, சி1256 வந்தா பிரஷர் நிக்கேல்ல, இல்லாட்டி பம்ப் கூட நேரம் ஓடுது, அதுதான் உண்மையான பூஸ்டர் வருத்தம். ரெண்டுக்கும் இடையில செலவு வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். கோட் நம்பரைத் தராம சாமான் பேரை மட்டும் சொல்லுற ஆளிட்ட காரை விடாதையுங்கோ. இதைத்தான் நான் எல்லாருக்கும் தொண்டை கிழியச் சொல்லுறன். டாக்குத்தர் பிளட் ரிப்போட் பாக்காமலே ஒப்பரேஷன் எண்டா நாங்க படுப்பமோ?

இனி பற்றரி. இந்த சைஸ் காரில 20 மொடியூல் (கராச்சில செல் எண்டு சொல்லுறது இதைத்தான்), பிரியஸ் மாதிரி பெரிசில 28, ஒவ்வொண்டும் 7.2 வோல்ட், எல்லாம் தொடுத்து ஒரே வரிசையில இருக்கும். ஒண்டு பழுதானா பி0ஏ80 எண்ட கோட் வரும். அந்த ஒண்டையோ ரெண்டையோ மட்டும் மாத்தினா கொஞ்ச நாள் ஓடும், ஆனா மிச்சமெல்லாம் அதே வயசு, அதே சூட்டில வெந்தது, அடுத்தது போகும். அதால ரெண்டு செல் மாத்தினதுக்கு நீங்க குடுத்த 70,000 வீண் எண்டுதான் நான் சொல்லுவன், கோவிக்காதையுங்கோ, பிழை உங்களில இல்ல, இதை முதலே சொல்லியிருக்க வேண்டியது அவை.

ஆனா 380,000 குடுக்க முதல் ஒண்டு பாருங்கோ. பின் சீற்றுக்குப் பக்கத்தில கீழ ஒரு வலைக்கண் இருக்கும். பற்றரியை ஆத்திற ஃபேன் அதுக்குள்ளால தான் கேபினில இருக்கிற ஏசி காத்தை இழுக்கும். கொழும்புத் தூசி, தலைமயிர், பிள்ளையள் சாப்பிடுற பிஸ்கட் தூள், எல்லாம் அதுக்குள்ள போய் ஃபேன் இறக்கையில கம்பளி மாதிரி படியும். நான் கழட்டின ஃபேன் ஒண்டில இறக்கையே தெரியேல்ல, சாம்பல் நிறத்தில ஒரு பாய் மாதிரி உரிஞ்சு வந்துது. காத்து போகாட்டி பற்றரி சூடேறும், காலி வீதி ட்ராஃபிக்கில ஊரேக்க, இல்ல கடுகண்ணாவ மாதிரி ஏத்தத்தில முதல்ல தெரியும். ஃபேன் கழட்டிக் கழுவுறது பெரிய செலவில்ல. கழுவிப்போட்டு, ஓடேக்க பிளொக் பிளொக்கா (பிளொக் எண்டா மொடியூல் சேந்த ஒரு கூட்டம்) வோல்டேஜ் எடுத்துப் பாக்கவேணும். லோட் குடுக்கேக்க ஒரு பிளொக் மட்டும் மத்ததை விட ஒரு வோல்ட்டுக்கு மேல விழுந்தா அந்தப் பக்கம் செத்துப் போச்சு. எல்லாம் ஒரே மாதிரி நிண்டா இன்னும் கொஞ்சக் காலம் ஓடலாம். இந்த லிஸ்ட் ஸ்கானர் ஸ்கிறீனில வரும், ஃபோனில படம் எடுத்துத் தரச் சொல்லுங்கோ. முன்னால இருக்கிற சின்ன 12 வோல்ட் பற்றரியையும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கோ, அது வீக் எண்டாலே கண்டபடி லைற் எல்லாம் பத்தும்.

வீட்டில ஆரும் கடும் கறண்ட் ஓடுற ஒரேஞ் நிற வயரிலயோ பற்றரி மூடியிலயோ கை வைக்க வேண்டாம். நாங்களே பற்றரிக் கறண்டை வெட்டுற சேர்விஸ் பிளக்கைக் கழட்டி, பத்து நிமிசம் விட்டு, கிளவ்ஸ் போட்டுத்தான் தொடுறது.

மருதானை_நானா

தங்கச்சி, நான் பஞ்சிகாவத்தையில சாமான் யாவாரம், வாப்பா காலத்திலேந்து கடை இரிக்கி. கறண்ட்காரன் நானா செல்றது சரி, நான் சாமான் பக்கத்தை செல்றேன்.

சாமான் வெல ஏன் இப்பிடின்னு எல்லாரும் எங்களோடதான் சண்டக்கி வாராங்க. 2020 மார்ச்சில வாகனம் இறக்குறத நிப்பாட்டினாங்க, அஞ்சு வருசத்துக்கு கிட்ட புது வாகனம் இல்ல, அப்ப பழசையே எல்லாரும் தட்டித் தட்டி ஓட்டினாங்க, எல்லாருக்கும் ஒரே சாமான் வேணும். 2022ல டொலர் 200லேந்து 360 வரைக்கும் ஏறிச்சி, 300 கிட்ட எறங்கின பொறகும் சாமான் வெல அந்த அளவுக்கு எறங்கல்ல. 2024 ஜனவரியிலேந்து வெட் வரி 18 சதவீதம் அதுக்கு மேல. நாங்க வாங்குறதே அந்த வெலக்கித்தான், கூட எடுக்குற ஆளும் இரிக்கான் இல்லன்னு செல்லல்ல, ஆனா எல்லா யாவாரியும் கள்ளன் இல்ல தங்கச்சி.

இப்ப கேளுங்க. ஓங்களுக்கு கராஜ்காரன் 140,000 பூஸ்டர்க்கு எடுத்தான், அதுல சாமானுக்கு எவ்ளோ, அவனுக்கு எவ்ளோன்னு ஓங்களுக்கு தெரியாது. அடுத்த தடவ பழய சாமான்ல இரிக்கிற பார்ட் நம்பர ஃபோன்ல படம் எடுத்துட்டு நீங்களே வாங்க, இல்லாட்டி நம்பர அனுப்பி நாலு கடையில வெல கேளுங்க. ஒரே மாதிரி தெரியும், ஒரு எழுத்து மாறினா வேல செய்யாது. பில் எடுங்க, பில்லுல பார்ட் நம்பரும் வாரண்டி எத்தன நாளுன்னும் எழுத செல்லுங்க. ரீகண்டிஷன் சாமானுக்கு எங்க பக்கம் பெரும்பாலும் செக்கிங் வாரண்டிதான் குடுப்பாங்க, போட்டுப் பாத்து சரியில்லன்னா மாத்தலாம், அதுக்குப் பொறகு கேக்கேலாது. நாங்க சாமான்ல பெயின்ட்டால ஒரு அடையாளம் வெப்போம், அது அழிஞ்சா திருப்பி எடுக்க மாட்டோம், அதனால பூட்டுறவனுக்கு அத அழிக்காதேன்னு முன்னுக்கே செல்லி வெய்யிங்க.

கழட்டுன சாமான் ஓங்கட சொத்து. வண்டி விடக்குள்ளயே "பழய சாமான் எல்லாம் டிக்கில போட்டுத் தாங்க" ன்னு செல்லிட்டுப் போங்க. எறிஞ்சிட்டோம்னு செல்றான்னா, நல்ல சாமானக் கழட்டி வேற எங்கயாச்சும் வித்திட்டான், இல்லாட்டி மாத்தவே இல்ல, ரெண்டுல ஒண்டுதான். எனக்கு இது கேட்டா கோவம் வரும், இந்த மாதிரி ஆளாலதான் எங்கட பேரும் கெடுது.

பில் குடுக்க மாட்டேன், வாரண்டி இல்லன்னு சண்ட வந்தா நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு எடுங்க. 2003ம் ஆண்டு 9ம் இலக்க சட்டம், கேட்டா பில் குடுக்கத்தான் வேணும். காலம் கடத்தாம எடுங்க.

கொட்டாஞ்சேனை_குடும்பஸ்தன்

அக்கா, நான் வேற மாதிரி சொல்றேன், கோவிக்காதீங்க. எங்க வீட்டுலயும் இதே கதைதான், எங்களது வேன். கியர் பெட்டி, ஏசி கம்ப்ரெஸர், திரும்ப கியர் பெட்டின்னு மாசாமாசம் ஏதாவது ஒன்னு. வீட்டுல சண்டையே வந்துருச்சு, பொண்டாட்டி நகைய வச்சு கியர் பெட்டி எடுத்தோம், அந்த நகைய மீட்க முன்னாடியே அடுத்த பில்லு. கடைசியில உண்மைய மறைக்காம, இன்ன இன்ன பழுதுன்னு சொல்லி ஒரு கராஜ் பாஸுக்கே வித்துட்டோம். அவரு அவரோட கைவேலையில சரி பண்ணிக்கிட்டாரு, நமக்கும் நியாயமான விலை கெடச்சிச்சு. ரோட்டுல விளம்பரம் பாத்து வர்ற புரோக்கருங்ககிட்ட குடுத்திருந்தா அதுல பாதிதான்.

இப்ப எங்களுக்கு கார் இல்ல. புள்ளைங்களுக்கு ஸ்கூல் வேன், மத்ததுக்கு த்ரீவீல், தூரம்னா ஃபோன்ல கார் கூப்புடுறோம். இன்சூரன்ஸ், லைசன்ஸ், எமிஷன், சர்வீஸ், ரிப்பேர் எல்லாம் ஒரு கொப்பியில எழுதி கூட்டிப் பாத்தோம், அதுல ஒரு மாசத்துக்கு வர்றத விட இப்ப கம்மியாத்தான் போகுது. ராத்திரி நிம்மதியா தூங்குறோம், அதுக்கு விலையே இல்ல.

ஆனா உங்க அம்மா விஷயம் வேற, அத நான் ஒத்துக்கிறேன். முழங்கால் ஏலாதவங்கள த்ரீவீல்ல ஏத்தி இறக்குறது எவ்வளவு கஷ்டம்னு எங்க மாமியார வச்சு எனக்கு தெரியும். மழையில வண்டி வரல்ல, வந்தவன் கேன்சல் பண்றான், கிளினிக் நம்பர் போயிரும். அதனால காரே வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். விக்கிறதா இருந்தா லைட்ட அழிச்சிட்டு விக்காதீங்க, அதே மாதிரி ஒரு குடும்பம்தான் வாங்கும்.

அப்புறம் அந்த "சேரோட நம்பர தாங்க" விஷயம். என் தங்கச்சிக்கும் அப்புடித்தான் நடந்திச்சு. இப்ப அவ என்ன பண்றான்னா, எஸ்டிமேட்ட எழுத்துல வாட்ஸ்அப்ல அனுப்புங்க, பாத்துட்டு பதில் சொல்றேன்னு சொல்லிட்டு வந்துருவா, அங்க நின்னு ஓகே சொல்றதே இல்ல. எழுதச் சொன்ன ஒடனே பாதி அயிட்டம் காணாமப் போயிருச்சாம்.

வெள்ளவத்தை_அம்மா

எல்லாருக்கும் கோடி நன்றி. இவ்வளவு நாளும் ஒருத்தரும் எனக்கு இப்பிடி விளங்கப்படுத்தேல்ல, உண்மையாச் சொல்லுறன், கண் கலங்கிட்டுது.

கறண்ட்காரன் அண்ணா சொன்ன மாதிரி கீழ பார்க்கிங்கில எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு இருந்து கேட்டன். நர்ர்ர் எண்டு வந்து நிக்குது, கொஞ்ச நேரத்தில திரும்ப வருது, நான் காலை பெடலுக்குக் கிட்டவும் கொண்டுபோகேல்ல. மூத்தவனும் பக்கத்தில இருந்து கேட்டவன். அந்த வலைக்கண்ணையும் டோர்ச் அடிச்சுப் பாத்தன், முழுக்க தூசி, அதுக்கு முன்னால சின்னவளின்ர ஸ்போர்ட்ஸ் பாக் எப்பவும் கிடக்கும், அதை எடுத்திட்டன்.

பூஸ்டர் போட்ட கராச்சுக்கு அடிச்சு, லேர்னிங் குடுத்தனீங்களோ, கோட் என்ன வந்தது எண்டு கேட்டன். மற்றப் பக்கம் ஒரு சத்தமும் இல்ல, பிறகு "வண்டியைக் கொண்டுவாங்கோ மிஸ் பாப்பம்" எண்டினம். கொண்டுபோக மாட்டன். பில் இருக்கு, அதில பூஸ்டர் எண்டு மட்டும்தான் எழுதியிருக்கு, பார்ட் நம்பரும் இல்ல வாரண்டியும் இல்ல. நானா சொன்ன 1977க்கு நாளைக்கு எடுக்கிறன்.

விக்கிற கதையை இவரோட கதைச்சன். அம்மா இருக்கும் வரைக்கும் கார் இல்லாம ஏலாது எண்டுதான் ரெண்டு பேரும் முடிவெடுத்திருக்கிறம். முதல்ல பிறேக்கை சரியான இடத்தில காட்டிறது, பிறகு ஃபேனைக் கழுவி வோல்டேஜ் லிஸ்ட்டை எடுத்துப் பாத்திட்டுத்தான் பற்றரிக்கு காசு. 380,000 கேட்டவைக்கு இப்ப வேண்டாம் எண்டு மெசேஜ் போட்டிட்டன், உடன 310,000க்கு இறங்கி வருகினம், அதைப் பாத்து இன்னும் கோவம்தான் வந்துது.

அண்ணா, ஒரே ஒரு கேள்வி. காரை ஸ்கான் பண்ணிப் பாக்க ரத்மலானைக்குக் கொண்டுவரலாம் எண்டு நினைக்கிறன். வெள்ளவத்தையில இருந்து காலி வீதியால மெல்லமா ஓடிக்கொண்டு வரலாமோ? பெடல் இன்னும் இறுகேல்ல.

கறண்ட்காரன்_ரத்மலானை

ஓடிக்கொண்டு வராதையுங்கோ தங்கச்சி. பம்ப் அப்பிடி வந்து வந்து போனா எப்ப பிரஷர் விழும் எண்டு சொல்லேலாது, தெஹிவளைச் சந்தியில முன்னால பஸ் நிக்கேக்க அது நடக்கக் கூடாது. இன்சுரன்ஸ் கடுதாசியை எடுத்துப் பாருங்கோ, ஃபுல் இன்சுரன்ஸ் எண்டால் இழுத்துக்கொண்டு போற செலவு ஒரு அளவுக்கு சேந்திருக்கும், கன பேர் அதைப் பாக்கிறதே இல்ல.

ஆள் வரேக்க முழுக் காரையும் மேல ஏத்திற ஃபிளாட் பெட் தான் வேணும் எண்டு ஃபோனிலயே சொல்லுங்கோ. கயிறு கட்டி இழுக்க விடாதையுங்கோ, பின்பக்கத்தைத் தூக்கி முன் சில்லை ரோட்டில உருளவும் விடாதையுங்கோ. முன் சில்லு சுத்தினா உள்ளுக்க மோட்டரும் சுத்தி கறண்ட் உண்டாகும், இருக்கிற வருத்தம் காணாதெண்டு அதையும் வாங்கிக்கொள்ளுவம். ஏத்த முதல் டாஷ்போட்டில பத்திற லைற் எல்லாத்தையும், ஓடின கிலோமீற்றரையும், காரைச் சுத்தியும் படம் எடுத்து வையுங்கோ. ஸ்கான் பண்ணேக்க நீங்களும் பக்கத்தில நில்லுங்கோ, வாற நம்பரை எல்லாம் நான் எழுதித் தாறன், பிறகு எங்க குடுத்துச் செய்யிறது எண்டு நீங்களே முடிவெடுக்கலாம்.